கண் மூடும் நாற்காலி

கழுத்தில் கத்தி இருக்கும்போது எந்த மனிதனும் பொய் சொல்ல மாட்டான் என்பது மெதுகையின் கட்சி.

சலூன் வைத்த நாளிலிருந்து அவன் கண்டு வைத்த உண்மை அது. நுரை பூசி, தலையைப் பின்னால் சாய்த்து, கத்தியைத் தொண்டைக் குழி வரைக்கும் கொண்டுவந்துவிட்டால் போதும், ஆட்கள் மனசைத் திறந்து கொட்டிவிடுவார்கள். மேனேஜரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வருகிறது என்பார்கள். மனைவியின் சமையல் கல்யாணமான மறுநாளிலிருந்தே பிடிக்கவில்லை என்பார்கள். நாற்காலியை நிமிர்த்திப் பவுடர் போட்டுத் துணியை உதறியதும் பழையபடி பொய்க்குத் திரும்பிவிடுவார்கள்.

இவர்களிலேயே உயர்ந்த ரகம் ஒன்று உண்டு. கத்தி பட்டதுமே கண்ணை மூடித் தூங்கிப்போகிறவர்கள். முன்பின் தெரியாத ஒருத்தன் கையில் கூரான கத்தியையும் தன் கழுத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுக் குறட்டை விடுகிறவன் கெட்டவனாக இருக்கவே முடியாது என்று மெதுகை அடித்துச் சொல்வான். அவன் கைக்கு அந்த ராசி இருந்தது. கன்னத்தில் கத்தி போவதே தெரியாது. அதனால்தான் அவனுக்கு அந்தப் பட்டப்பெயர். சொந்தப் பெயர் அவனுக்கே சட்டென்று ஞாபகம் வராது.

கோட்டுக்காரர் இந்த உயர்ந்த ரகம். வெயில் எவ்வளவு கொளுத்தினாலும் கோட்டோடு வருவார். உட்காருவார். நுரை காய்வதற்குள் குறட்டை. எழுந்ததும் முதல் வேலையாக போனை எடுத்துப் பார்த்துச் சிரித்துக்கொள்வார், குழந்தையின் போட்டோவைப் பார்க்கிற மாதிரி.

"பேரனா சார்?" என்று ஒருநாள் கேட்டுவிட்டான்.

"பேரன் எங்கே இப்படி வளர்றான்? காசுப்பா. நேத்து ராத்திரி நான் தூங்கும்போதே இவ்வளவு ஏறியிருக்கு பாரு."

தங்கத்துளி என்று அதற்குப் பெயர். போனுக்குள் மட்டுமே இருக்கிற காசு. எந்த நாட்டு அரசாங்கமும் அச்சடிக்காதது. ஒரு பச்சைக் கோடு மலை ஏறுவதுபோல ஏறிக்கொண்டே இருந்தது.

"கையில பிடிக்க முடியாதா சார்?"

"பிடிக்க முடியாது. அதனாலதான் திருடவும் முடியாது" என்றார் கோட்டுக்காரர்.

வேறு யாராவது சொல்லியிருந்தால் மெதுகை சிரித்திருப்பான். சலூனில் உட்கார்ந்து அவன் கேட்காத புளுகா? ஆனால் சொன்னவர் தூங்குகிறவர். அவன் கடையை விரிவாக்க ஒதுக்கி வைத்திருந்த பணத்தைப் போட்டான். ஏறியது. கொஞ்சம் எடுத்துப் பார்த்தான். கைக்கு வந்தது. மறுபடியும் போட்டான். அதற்கப்புறம் அவனுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது.

நல்ல விஷயம் எது கிடைத்தாலும் அவனுக்கு முதலில் வருகிற ஞாபகம் அதுதான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அக்காதான் ஒரு கையில் அவனையும் இன்னொரு கையில் சோப்பு வாளியையும் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துக்கு வேலைக்குப் போனவள். ரத்தக்கறைப் படுக்கை விரிப்புகளைக் கொதிநீர்த் தொட்டியில் அலசி அலசி, ஈரத் தரையிலேயே நின்று நின்று, ஓய்வு பெறும்போது அவளுக்கு ஒரு கைப்பை நிறையப் பணமும், இரண்டு வீணாய்ப் போன முட்டிகளும் மிஞ்சின. அந்தப் பணம் இந்த முட்டிகளுக்கு என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

கடைக்கு வார விடுமுறை வரும் நாளில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அக்காவுக்கு அவன் முடி வெட்டுவான். ஆம்பளைக் கடையில் உட்கார அவளுக்குக் கூச்சம். ஆனால் வேறு யார் கையிலும் தலையைக் கொடுக்க மாட்டாள். நாற்காலியில் உட்கார்ந்து, துணியைக் கழுத்தில் கட்டி, தண்ணீர் தெளித்ததும் அவள் கண் தானாக மூடிக்கொள்ளும். வெட்டி முடித்துத் தோளைத் தட்டினால்தான் திறக்கும்.

அப்படிக் கண் மூடியிருந்த ஒரு நாளில்தான் தங்கத்துளி பற்றிச் சொன்னான். கோடு ஏறுவதைச் சொன்னான். திருட முடியாது என்பதையும் சொன்னான். அக்கா கண்ணைத் திறக்காமலே கேட்டுவிட்டுச் சொன்னாள்:

"நீ சொன்னா சரிடா."

அவ்வளவுதான். ஆராய்ச்சி முடிந்தது. கைப்பைப் பணம் முழுக்கத் தங்கத்துளிக்குப் போனது.

இடையில் டாக்டர் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார். பணத்தை எடுக்கணுமே என்றாள் அக்கா. "அடுத்த மாசம் எடுத்துக்கலாம்க்கா. இப்போ நல்லா ஏறுது. ரெண்டு முட்டிக்கும் சேர்த்துப் போட்டுட்டு, மிச்சத்துல உனக்கு வீட்டுல வாஷிங் மெஷின்" என்றான் மெதுகை. "உலகத்துத் துணியெல்லாம் துவைச்சவளுக்கு மெஷினா?" என்று சிரித்தாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் வீட்டுக்கு ஏறிப்போனாள்.

அடுத்த மாதம் போன் திரை வெள்ளையாகிவிட்டது.

கோடும் இல்லை, எண்ணும் இல்லை. கழுவித் துடைத்த பீங்கான் தட்டு மாதிரி வெள்ளை. கோட்டுக்காரர் சவரத்துக்கு வரவில்லை. அவருக்கென்று தனியாக வைத்திருந்த துண்டு ஆணியில் தொங்கிக்கொண்டே இருந்தது.

மெதுகை அக்கா வீட்டுக்குப் போனான். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சொன்னான். எப்படிச் சொன்னான் என்று அவனுக்கே தெரியாது. சொல்லிவிட்டு, ஒரு வாக்கியத்துக்காகக் காத்து நின்றான். நீ என்னை ஏமாத்திட்டேடா. உலகத்தில் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் அதைத்தான் சொல்வார்கள்.

அக்கா மடித்த துணியை அடுக்கினாள். "போனா போகுது விடு. மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? சாப்பிட்டியா?" என்றாள்.

அதற்குப் பிறகும் அவள் எது பேசினாலும் அவன் அந்த வாக்கியத்தைத் தேடினான். கதவைச் சாத்து என்று சொன்னால், அந்தச் சாத்தலுக்குப் பின்னால் இருக்கிறதா என்று பார்த்தான். இல்லை. அந்த ஒரு வாக்கியம் வராமல் இருந்ததால்தான் அவன் கை நடுங்காமல் கத்தி பிடித்துக்கொண்டிருந்தது.

*

ஏமாந்தோர் நல வாரியம் என்று ஒன்று இருக்கிறது, அங்கே நிவாரணம் தருகிறார்கள் என்று ஒரு வாடிக்கையாளர் சொன்னார். சொல்லும்போது கத்தி அவர் கழுத்தில் இருந்ததால் மெதுகை நம்பிவிட்டான். இந்தத் தடவை அது நிஜமாகவே இருந்தது.

அக்காவையும் அழைத்துக்கொண்டு போனான். பெரிய கட்டடம். முன்பு ஒரு நிதி நிறுவனம் இருந்ததாம். அது ஓடிப்போனதும் வாரியத்துக்கு மலிவாகக் கிடைத்ததாம். வாசலில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்துக்காக ஒரு மேடை கட்டியிருந்தார்கள். மேடை மட்டும் இருந்தது. இயந்திரம் சப்ளை செய்வதாக முன்பணம் வாங்கிய கம்பெனியைத் தேடிக்கொண்டிருப்பதாக ஒரு அட்டை தொங்கியது. அது தொங்கி வெகுநாளாகியிருக்க வேண்டும், எழுத்தெல்லாம் வெளுத்திருந்தது.

உள்ளே போகிற எல்லோருக்கும் மஞ்சள் பேட்ஜ். அதில் 'ஏமாந்தவர்' என்று கொட்டை எழுத்து. பேட்ஜுக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

"திரும்பக் கிடைக்குமாங்க?" என்று கேட்டான் மெதுகை.

"நம்பிக்கை வைங்க" என்றார் கவுண்டர்க்காரர்.

நாற்காலிகள் எல்லாவற்றையும் தரையோடு திருகாணி போட்டு இறுக்கியிருந்தார்கள். ஏமாந்தவர்கள் யார் வந்து கேட்டாலும் எதையும் தூக்கிக் கொடுத்துவிடுவார்கள் என்பதால் இந்த ஏற்பாடு என்று காவலாளி விளக்கினார். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்து வலது கையை நீட்டி உறுதிமொழி சொல்ல வேண்டும். ஒலிபெருக்கி முதலில் சொல்ல, கூட்டம் பின்னால் சொன்னது:

"இன்று முதல் நான் எவரையும் நம்ப மாட்டேன். வாரியத்தைத் தவிர."

அக்காவால் சட்டென்று எழ முடியவில்லை. அவள் எழுந்து நிற்பதற்குள் உறுதிமொழி முடிந்துவிட்டது. உட்கார்ந்தபடியே கேட்டவளுக்கு உறுதிமொழி செல்லாது என்று காவலாளி அவளை மட்டும் தனியாக நிற்க வைத்துச் சொல்ல வைத்தார். அக்கா சொன்னாள். 'எவரையும்' என்ற இடத்தில் ஒரு தடவை தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்தது. இருவரும் சேர்ந்து கடைசியாகச் சிரித்தது அங்கேதான்.

காரண அதிகாரியின் அறையில் மின்விசிறி அவர் தலைக்கு மேலே மட்டும் சுற்றியது.

"ஏன் ஏமாந்தீங்க?"

"என்ன சார்?"

"காரணம்ப்பா. நம்மகிட்ட மொத்தம் மூணு காரணம் இருக்கு. பேராசை, அறியாமை, அவசரம். நிபுணர் குழு போட்டு, வெளிநாடு போய் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்சது. எதுல போடட்டும்?"

மெதுகை யோசித்தான். "அவர் தூங்கினார் சார்."

"யாரு?"

"கோட்டுக்காரர். சவரம் பண்ணும்போது கழுத்தைக் காட்டிட்டு நிம்மதியா தூங்குவார். பொய் சொல்ற ஆளால அப்படித் தூங்க முடியாது சார்."

அதிகாரி பேனாவை மூடினார். திறந்தார். "கழுத்துன்னு ஒரு காரணம் கிடையாதுப்பா. பேராசைன்னு போட்டுக்கறேன், அதுலதான் இடம் நிறைய இருக்கு. அம்மா, நீங்க சொல்லுங்க. எதுக்குப் போட்டீங்க?"

"தம்பி சொன்னான்."

"அது சரி. காரணம் என்ன?"

"அதான் சொல்றேனே. தம்பி சொன்னான்."

"அம்மா, அது காரணம் இல்ல. அது உறவு" என்ற அதிகாரியின் முகம் அப்போதுதான் மலர்ந்தது. மின்விசிறியையே கொஞ்சம் அவர்கள் பக்கம் திருப்பினார். "அட, இதை முதல்லயே சொல்லக் கூடாதா? உங்க கேஸ் ரொம்ப சுலபம்மா. ஆள் கிடைச்சாச்சு."

"கோட்டுக்காரர் கிடைச்சுட்டாரா?" என்றாள் அக்கா.

"அவர் எதுக்கு? இதோ, பக்கத்துலயே உக்காந்திருக்காரே" என்று பேனாவால் மெதுகையைக் காட்டினார்.

விஷயம் இதுதான். நிவாரணம் வேண்டுமென்றால் குற்றவாளி யார் என்று தெரிய வேண்டும். தங்கத்துளியை வெளியிட்டவர்கள் எந்த நாட்டில், எந்தக் கடற்கரையில் கால் நீட்டிப் படுத்திருக்கிறார்களோ, வாரியத்துக்குத் தெரியாது. தெரிந்தாலும் அங்கே போக வாரியத்தின் வண்டியில் பெட்ரோல் கிடையாது. ஆகவே 'நேரில் சொன்னவரே குற்றவாளி' என்று விதியைத் திருத்திவிட்டார்கள். வாக்குமூல நாளில் அக்கா மேடையேறி, மைக்கில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். கேஸ் முடிந்தது. குற்றவாளியின் போட்டோ வாரியத்தின் சுவரில் ஏறும், நிவாரணம் அன்றைக்கே.

"என்ன வாக்கியம் சார்?" என்று கேட்டான் மெதுகை. கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்துவிட்டது.

"'என் தம்பி என்னை ஏமாத்திட்டான்.' அவ்வளவுதான். சின்ன வாக்கியம். போன வாரம் ஒரு அம்மா கண்ணை மூடித் திறக்கறதுக்குள்ள சொல்லிட்டு, வீட்டுக்காரரைக் கையோட கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"அப்போ எனக்குச் சொன்னது கோட்டுக்காரர்தானே சார். அவரைப் போடுங்களேன்."

"அவரை அவர் மகனே போன மாசம் போட்டுட்டார். ஒரு குற்றவாளியை ஒரு தடவைதான் எண்ண முடியும். இரண்டு தடவை எண்ணினா தணிக்கையில மாட்டிக்குவோம். நாங்க நேர்மையான ஆபீஸ்."

அறையை விட்டு வெளியே வந்தபோதுதான் மெதுகை அவரைப் பார்த்தான். நடைபாதையின் கடைசி நாற்காலியில், கோட்டோடு, கழுத்தைப் பின்னால் சாய்த்துக் கோட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். முகத்தில் பல நாள் தாடி. சட்டையில் இரண்டு பேட்ஜ்கள். மஞ்சளில் ஒன்று, 'ஏமாந்தவர்'. சிவப்பில் ஒன்று, 'ஏமாற்றியவர்'. அவரும் வீட்டை விற்றுப் போட்டிருந்தார் என்று காவலாளி சொன்னார். மகன் பேசுவதில்லையாம். பேட்ஜ் முன்பணத்தைத் திரும்ப வாங்க தினமும் வந்து உட்காருகிறாராம்.

கோட்டுக்காரர் பொய் சொல்லவில்லை. மெதுகையின் கணக்கு கடைசி வரைக்கும் சரியாகத்தான் இருந்தது. மனிதர் நம்பியதைச் சொன்னார், சொன்னதை நம்பினார், நிம்மதியாகத் தூங்கினார். அவனும் நம்பியதைத்தான் அக்காவிடம் சொன்னான். பொய்யே சொல்லாமல் எல்லோரும் கைமாற்றிக் கைமாற்றி ஒரு பொய்யைக் கொண்டுவந்து அக்காவின் மடியில் வைத்துவிட்டார்கள்.

*

"நான் சொல்ல மாட்டேன்" என்றாள் அக்கா, பஸ் நிறுத்தத்தில்.

"அக்கா, ஒரு வாக்கியம்தானே."

"அப்போ நீ சொல்லு, அக்கா என்னை ஏமாத்திட்டாள்னு. வாயில வருதா பாரு."

"சினிமா வசனம் மாதிரி நினைச்சுக்கோக்கா. சொல்லிட்டு இறங்கிடு. கீழே வந்து நம்ம ரெண்டு பேரும் டீ குடிக்கலாம்."

"எனக்கு நடிக்க வராதுடா. சின்ன வயசுல ஸ்கூல் நாடகத்துல மரமா நிக்கச் சொன்னாங்க. அதுலயே தும்மிட்டேன். உனக்குத் தெரியாதா என்னை? நான் ஒண்ணு சொன்னா, சொன்னதுதான்."

"உன் முட்டியைப் பாரு."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"ஒரு முட்டிக்காவது வரும்ங்கறாங்க. என் போட்டோவைச் சுவத்துல மாட்டினா என்ன, குறைஞ்சா போயிடுவேன்? நல்லா போஸ் குடுத்துட்டு வரேன். நீ படியில உக்காந்து உக்காந்து ஏறறதைப் பாத்துட்டு என்னால கடையில நிக்க முடியலக்கா. எனக்காகச் சொல்லு."

அக்கா பஸ் வருகிற திசையைப் பார்த்தாள். பஸ் வந்தது. ஏறுவதற்கு அவன் கை கொடுத்தான். பிடித்துக்கொண்டு ஏறியவள் ஜன்னலோரம் உட்கார்ந்து, "நீ சொன்னா சரிடா" என்றாள்.

*

வாக்குமூல நாளுக்கு வாரியத்தின் பெரிய மண்டபத்தில் பலூன் கட்டியிருந்தார்கள். மேடையில் வெல்வெட் துணி. பக்கத்தில் ஒரு சுவர் முழுக்கச் சட்டம் போட்ட புகைப்படங்கள்: அண்ணன்கள், மாமாக்கள், மருமகள்கள், பக்கத்து வீட்டு டீச்சர். 'பிடிபட்டோர்' என்று மேலே எழுதியிருந்தது.

தலைவர் பேசினார். அவர் வருத்தத்தோடு பேசும்போதும் பெருமையாகவே கேட்டது.

"அன்பான ஏமாந்தோரே! போன வருஷம் இந்த வாரியம் எத்தனை குற்றவாளிகளைப் பிடிச்சதுன்னு பத்திரிகைக்காரங்க கேட்டாங்க. ஒருத்தரையும் பிடிக்கலைன்னு தைரியமா சொன்னேன். மறைக்கறதுக்கு என்ன இருக்கு? அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. குறை எங்கே இருக்குன்னு யோசிச்சேன். நம்ம ஆட்கள்கிட்ட இல்லை. நம்ம உழைப்புல இல்லை. குற்றவாளிங்கற வார்த்தைக்கு நாம வச்சிருந்த அர்த்தத்துல இருந்தது! ரொம்பக் குறுகலான அர்த்தம். திருடினவன் மட்டும்தான் குற்றவாளியாம். அவன் கடல் கடந்து உக்காந்திருக்கான். அவனைத் தேடி நேரத்தை வீணாக்கலாமா? அர்த்தத்தை விரிவாக்கினோம். இன்னைக்குக் குற்றவாளி ஒவ்வொரு வீட்டிலும் கிடைக்கிறான். சமையலறையிலே கிடைக்கிறான். உங்க பக்கத்து நாற்காலியிலே கிடைக்கிறான். ஓடவும் மாட்டான், பாசம் அவனைக் கட்டிப்போட்டிருக்கு! இந்த வருஷம் நம்ம வெற்றி நூத்துக்கு நூறு!"

கைதட்டினார்கள். மெதுகையும் தட்டினான். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது தட்டாமல் இருக்க ஒரு திறமை வேண்டும், அது அவனிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

"மக்கள் ஏன் ஏமாறுறாங்க?" என்று தலைவர் குரலை இறக்கினார். "தெரிஞ்சவங்க சொன்னா நம்புறாங்க. அதுதான் நோய். அந்தப் பழக்கத்தை இந்த மேடையிலே, ஒவ்வொரு குடும்பமா, வேரோட பிடுங்கிட்டிருக்கோம்."

அக்காவின் முறை வந்தது. மேடைக்குப் படிகள் இருந்தன, கைப்பிடி இல்லை. மெதுகை எழுந்து ஓடினான். குற்றவாளி வாக்குமூலக்காரரைத் தொடக் கூடாது என்று காவலாளி தடுத்துவிட்டார். அக்கா முதல் படியில் கையை ஊன்றி, பக்கவாட்டில் சரிந்து சரிந்து, தானாகவே ஏறினாள். வெல்வெட் துணிக்கு முன்னால் போய் நின்று, தலைமுடியைச் சரிசெய்துகொண்டாள். போன மாதம் அவன் வெட்டிவிட்ட முடி.

"என் தம்பி என்னை ஏமாத்திட்டான்" என்று முணுமுணுத்துவிட்டு இறங்கப் பார்த்தாள்.

"அம்மா, மைக்கே ஆன் பண்ணலை" என்றார் ஒலிப்பதிவுக்காரர்.

மைக் ஊளையிட்டது, இருமியது, ஆன் ஆனது. அக்கா மறுபடி சொன்னாள். இந்த முறை பாடம் ஒப்பிக்கிற குழந்தை மாதிரி, ஒவ்வொரு சொல்லாக. கீழே இருந்த மெதுகையைப் பார்த்து, சரிதானே என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினாள். அவன் தலையாட்டினான். முடிந்துவிட்டது என்று நெஞ்சில் காற்று இறங்கியது.

காரண அதிகாரி மேடைக்கு வந்தார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அக்காவுக்கு நிவாரணம் கிடைக்க வேண்டும் என்று நினைத்தார். கையிலிருந்த அவள் மனுவைப் பார்த்தபடி சொன்னார்.

"அம்மா, இது பத்தாதும்மா. குழுவுல திருப்பி அனுப்பிடுவாங்க. உணர்ச்சி வேணும். மனசுல இருந்து வரணும். அவசரப்படாதீங்க. உங்க முட்டியை நினைச்சுக்கங்க. அந்த ஈரத் தரையை நினைச்சுக்கங்க. எத்தனை வருஷம் நின்னிருப்பீங்க? ரிட்டயர்மென்ட் அன்னைக்குப் பணத்தைக் கையில வாங்கினீங்களே, அப்போ என்ன நினைச்சீங்க? அதை நினைச்சுக்கங்க. நினைச்சுக்கிட்டு, மெதுவா, அந்த ஒரு வாக்கியம்."

அக்கா தன் முட்டிகளைப் பார்த்தாள். குனிந்து ஒன்றைத் தொட்டாள். அவள் எதை நினைத்தாளோ. கொதிநீர்த் தொட்டியின் ஆவியையோ, வேலைக்குப் போன முதல் நாளில் தொட்டியோரம் துணி மூட்டைமேல் தூங்கவைத்த தம்பியையோ.

"என் தம்பி என்னை ஏமாத்திட்டான்" என்றாள்.

மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டிருக்கும். சத்தமாகச் சொல்லவில்லை. அந்தக் குரலை மெதுகை அதற்கு முன்னால் கேட்டதே இல்லை. ஆனால் கேட்டதும், இத்தனை நாள் கதவுச் சாத்தலிலும் சாப்பிட்டியாவிலும் தேடிக்கொண்டிருந்த குரல் அதுதான் என்று தெரிந்துவிட்டது. அக்கா புருவத்தை உயர்த்தவில்லை. அவனைப் பார்க்கவே இல்லை.

"டாக்டர் நாள் குறிச்சுக் குடுத்தார்" என்றாள். இது சொல்லிக் கொடுத்ததில் இல்லாதது. "எனக்கு வலி தாங்கலை. அவனுக்குத் தெரியும். பணத்தை எடுத்துடலாம்னு சொன்னேன். அடுத்த மாசம் பாத்துக்கலாம்க்கா, ஏறுதுன்னான். எனக்கு வலிக்குதுன்னு தெரிஞ்சும், ஏறுதுன்னான்."

அவ்வளவுதான். மைக்கைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டு, எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவள்போலச் சுற்றிலும் பார்த்தாள்.

"பிரமாதம்!" என்றார் ஒலிப்பதிவுக்காரர். தலைவர் எழுந்து நின்று கைதட்டினார். மண்டபமே தட்டியது. மெதுகையின் சட்டையில் யாரோ சிவப்பு பேட்ஜைக் குத்தினார்கள். போட்டோ எடுப்பவர் அவனைக் கோட்டுக்காரரின் படத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி, "கொஞ்சம் வருத்தமா பாருங்க" என்றார். பிறகு, "போதும் போதும், இவ்வளவு வேண்டாம்" என்றார்.

நிவாரணம் அன்றைக்கே கிடைத்தது. காரண அதிகாரி அக்காவின் போனை வாங்கி, எதையோ தட்டி, திருப்பிக் கொடுத்தார். திரையில் ஒரு பச்சைக் கோடு. கீழே ஒரு எண். நிவாரணத்துளி என்று அதற்குப் பெயர்.

"இதை எடுத்து ஆஸ்பத்திரியில கட்டலாமா சார்?" என்று கேட்டான் மெதுகை.

"கட்டலாம், கட்டலாம். இப்போ வேண்டாம். கொஞ்சம் ஏறட்டும்" என்றார் அதிகாரி. அக்காவைப் பார்த்து அன்போடு சிரித்தார். "கையில பிடிக்க முடியாத பணம்மா இது. அதனால இனிமே உங்ககிட்டேயிருந்து யாரும் ஏமாத்தி வாங்கவே முடியாது."

அக்கா போனைப் பைக்குள் போட்டுப் பையின் வாயை இழுத்து மூடினாள்.

டீ குடிக்கவில்லை. பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள், அவன் பக்கத்தில். "டிக்கெட் எடுத்துட்டியா?" என்று கேட்டாள். எடுத்துவிட்டேன் என்றான். அவன் சட்டையில் சிவப்பு பேட்ஜ் சாய்ந்து தொங்குவதைப் பார்த்து, கையை நீட்டி, ஊசி குத்திவிடாமல் நேராக்கிவிட்டாள். கழற்றவில்லை.

*

வார விடுமுறை வந்தது. மெதுகை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டுக் காத்திருந்தான். நாற்காலியைத் துடைத்தான். மறுபடி துடைத்தான். வர மாட்டாள் என்று நினைத்தான். வர வேண்டாம் என்றும் ஒரு நிமிஷம் நினைத்தான். ஷட்டருக்கு அடியில் அவள் செருப்பு தெரிந்தது.

"என்னடா, இருட்டா வச்சிருக்கே? லைட்டைப் போடு" என்றபடி குனிந்து வந்தாள். எப்போதும்போல நாற்காலியின் கையைப் பிடித்து, மெல்லச் சரிந்து உட்கார்ந்தாள். அவன் துணியை உதறிக் கழுத்தில் கட்டினான். முடிச்சு இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகுவதைச் சொன்னாள். ஆள் அனுப்புகிறேன் என்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

தண்ணீர் தெளித்தான். சீப்பை வைத்து ஒரு கற்றையைப் பிரித்தான். கத்தரிக்கோலை எடுத்தான்.

கண்ணாடியில் அக்காவின் கண்கள் திறந்திருந்தன.

கோபமாக ஒன்றும் இல்லை. அவன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் எங்கே போகிறது என்று பார்க்கிற பார்வை. புதிதாக வருகிற வாடிக்கையாளர்கள் முதல் நாள் பார்ப்பார்களே, அது.

மெதுகை காத்திருந்தான். இதோ மூடிவிடுவாள் என்று, சீப்பைத் துடைத்தான், கத்தரிக்கோலை மாற்றி எடுத்தான். அவன் கை நடுங்க ஆரம்பித்திருந்தது.

"கண்ணை மூடிக்கோக்கா" என்றான். "முடி விழும்."

"விழுந்தா விழட்டும்டா" என்றாள் அக்கா. "நீ வெட்டு."

வெட்டினான். முதல் கற்றை சறுக்கி, அவள் இமையில் விழுந்து ஒட்டியது. துணிக்கு அடியிலிருந்து கையை எடுத்துத் துடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் வந்தது. அப்போதும் மூடவில்லை.